முசுறை ஒழிக்காமலே மாங்காய் பறிக்கலாம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மா அறுவடை பற்றித் தங்கள் இதழில் வந்த கட்டுரை, காய் பறிக்கும் முன் இலைகளைச் சேர்த்துக் கூடு கட்டும் செவ்வெறும்பான முசுறின் கூடுகளை மருந்தடித்து அழித்துவிடச் சொல்கிறது. அழகர்மலை அடிவாரத்தில் கல்லாமை, செந்தூரம் ரக மா மரங்கள் வைத்திருக்கும் எனக்கு இதில் உடன்பாடில்லை. மரமேறுகிறவர்கள் படும் பாடு எனக்கும் தெரியும். முசுறு கழுத்திலும் கண்ணிமையிலும் கடித்து, கடிவாயில் அமிலத்தையும் பீய்ச்சிவிடும். ஆனாலும் மறுநாளே சந்தைக்குப் போகிற காயில் விஷம் அடிப்பதை எப்படி ஏற்பது?

முசுறு காவல் காக்கும் விதம் தெரிந்தால் மருந்து தேவைப்படாது. ஒரே ராணியின் கூட்டம் பல மரங்களில், ஏராளமான இலைக்கூடுகளில் பரவியிருக்கும். சின்ன எறும்புகள் கூட்டுக்குள் இருந்து குஞ்சுகளைப் பார்த்துக்கொள்ளும். இரை தேடுவதும் சண்டையும் பெரியவற்றின் வேலை. அதிலும் வயது பார்த்துத்தான் இடம். எல்லையோரக் கூடுகளில் இருப்பவை பெரும்பாலும் கிழ எறும்புகள் என்று 1983இல் எறும்பு ஆய்வாளர் பெர்ட் ஹோல்டோப்ளர் எழுதினார். இன்னும் நெடுநாள் உழைக்க வேண்டிய இளசுகள் சாவதைவிட, ஆயுள் முடியப் போகிறவை முன்னால் நிற்பது கூட்டத்துக்கு நட்டம் குறைவு.

எத்தனை பேர் சண்டைக்கு வருவது என்பதை யாரும் உத்தரவு போட்டு முடிவு செய்வதில்லை. அந்நிய எறும்பைக் கண்டது வாசனைத் தடம் போட்டுக்கொண்டே ஓடிவந்து, எதிர்ப்படுபவற்றின் முன் உடம்பை வெட்டி வெட்டி ஆட்டும். அவை போய்ப் பார்த்துவிட்டு அதே சேதியோடு திரும்பினால் கூட்டம் பெருகும். ஆபத்து விலகினால் தானே கலையும். ஆப்பிரிக்க முசுறின் எச்சரிக்கை வாசனையில் பல பொருள்கள் கலந்திருக்கின்றன. சீக்கிரம் ஆவியாவது உசுப்பிவிடும், அடுத்தது அந்த இடத்துக்கு இழுக்கும், மெதுவாகப் பரவுபவை கடிக்கத் தூண்டும். நம் தோப்பிலும் கிளையை உலுக்கி, நாலு எறும்பை நசுக்கிப் பாருங்கள், மற்றவை மேலே வந்து விழும்.

அதனால் உலுக்காமல், கீழே நின்று வலை கட்டிய தொரட்டியால் பறிக்கலாம். ஏறித்தான் ஆகவேண்டும் என்றால் முதலில் மரத்தில் தண்ணீர் அடித்தால் பெரும்பாலானவை கூட்டுக்குள் ஒதுங்கும். கைகாலில் சாம்பலும் பூசிக்கொள்ளலாம். அப்புறம், வேறு வேறு கூட்டங்கள் இருக்கிற மரங்களின் கிளைகள் தொட்டுக்கொண்டிருந்தால் கவாத்து செய்து பிரித்துவிடுங்கள். இல்லாவிட்டால் இரண்டும் ஓயாமல் சண்டையிட்டு, காவலே பலவீனமாகிவிடும்.

முசுறு மாவுப்பூச்சியை வளர்க்கும் என்பது உண்மை. பூச்சி அப்பிய கொப்பை மட்டும் வெட்டிவிட்டால் போதும். தத்துப்பூச்சியைப் பிடித்துத் தின்னும் இந்த எறும்பை, சீன விவசாயிகள் ஆரஞ்சுத் தோப்புகளில் பல நூறு ஆண்டுகளாகக் கூடு கொண்டுவந்து கட்டியே வளர்த்திருக்கிறார்கள்.

இந்த முறைகளையும் அடுத்த பறிப்புக்கு முன் தங்கள் இதழில் விரிவாக வெளியிட வேண்டுகிறேன். குத்தகைக்காரர்கள் படிக்கும்படி முதல் பக்கங்களில் வந்தால் இன்னும் நல்லது.

இப்படிக்கு,
மா விவசாயி ஒருவர்,
அழகர்கோவில் வட்டாரம், மதுரை மாவட்டம்