வாயில் வசனத்தைத் திணிக்காதே

அன்புள்ள கவின்,

உன் ஆவணப்படத்தில் அந்தப் பெரியவரை மறுபடி நடக்கச் சொல்லி எடுத்தது ஏமாற்று வேலையா என்று கேட்டிருந்தாய். மெக்சிகோவில் 1930களிலிருந்தே இந்தக் கேள்வியோடு மல்லுக்கட்டுகிறார்கள்.

பேத்ரோ கோன்சாலெஸ் ருபியோ எடுத்த ‘அலாமார்’ (2009) பார். அப்பா, சின்னப் பையன், பிரிந்து வாழும் இத்தாலிய அம்மா, மூன்று பேருக்கும் நிஜத்திலும் அதே உறவுதான். பையன் அம்மாவோடு ரோமுக்குப் போகுமுன், அப்பா அவனைக் கரீபியன் கடலில் உள்ள பாங்கோ சின்சோரோ பவளத்திட்டுக்குக் கூட்டிப்போகிறார். தாத்தாவாக வரும் மீனவர் சொந்தத் தாத்தா இல்லை. பயணமே படத்துக்காக ஏற்பாடு செய்ததுதான். ஆனால் கைத்தூண்டிலில் மீன் ஏறுவதையும், செதில் சீவுவதையும், கல் இறாலுக்கு மூச்சடக்கி முங்குவதையும் யாரால் நடித்துக் காட்ட முடியும்? நடுவில் ஓர் உண்ணிக்கொக்கு தானாகவே வீட்டுக்குள் வந்துவிடுகிறது. அதற்குப் பூச்சி பிடித்துக் கொடுப்பது, பேர் வைப்பது, காணாமல் போனதும் தேடுவது என்று படம் அதன் பின்னால் போய்விடுகிறது. எனக்கு அந்தப் பகுதிதான் உசத்தி.

‘ரேதெஸ்’ (1936) இதற்கு நேர் எதிர். வேராகுரூஸ் மாநிலத்து அல்வராதோவில், கல்வி அமைச்சகப் பணத்தில் எடுத்தது. நடித்தவர்கள் பெரும்பாலும் உள்ளூர் மீனவர்கள். பால் ஸ்ட்ராண்டின் கேமராவில் அவர்கள் வலை இழுக்கும்போது தோள் நரம்பெல்லாம் தெரியும். அதே ஆட்கள் மீன் வியாபாரியின் சுரண்டலைப் பற்றிப் பேச ஆரம்பித்தால், சரி, மனப்பாடம் பண்ணிய பிள்ளைகள் மாதிரி நிற்கிறார்கள். பேசுகிற விஷயம் நியாயம்தான், ஆனால் பேச்சு அவர்களுடையது இல்லை.

உன் பெரியவர் நடக்கட்டும், அது அவர் தினமும் போகிற வழிதானே. பேச மட்டும் எழுதிக் கொடுக்காதே.

அப்புறம், தாத்தியானா உவேசோவின் ‘எல் எகோ’ (2023). புவெப்லா மலைக்கிராமம் ஒன்றில் ஆடு மேய்க்கிற, பொம்மைகளுக்கு டீச்சராகிற பிள்ளைகளைப் பற்றிய ஆவணப்படம். பார்த்தால் கதைப்படம் போலவே இருக்கும். பெர்லின் திரைப்பட விழாவில் ஆவணப்பட விருது வாங்கியது. அதில் பேத்தி பாட்டியைக் குளிப்பாட்டும் இடத்தில், “கேமராவை அணைத்திருக்கலாமே” என்றாள் உன் அம்மா. எனக்கு அப்படித் தோன்றவில்லை. சண்டை இன்னும் ஓயவில்லை. பார்த்துவிட்டு நீ யார் பக்கம் என்று போன் பண்ணு.

அப்பா