விசாரணைய காட்டுங்க, தீர்ப்பு வந்தப்புறம் காட்டுங்க: கிரைம் ப்ரோகிராம் எடுக்குறவுகளுக்கு ராமநாதபுரத்துல இருந்து ஒரு திறந்த மடல்

தமிழ் சேனல்லயும் ஓடிடிலயும் யூடியூப்லயும் கிரைம் ப்ரோகிராம் எடுக்குற டைரக்டர், ப்ரொட்யூசர், ரிப்போர்ட்டர் எல்லாருக்கும் வணக்கம்.

நான் ராமநாதபுரம் கோர்ட்ல ஒரு வக்கீல்கிட்ட குமாஸ்தாவா இருக்கேன். கேஸ் கட்டு தூக்குறது, வாய்தா தேதி குறிக்கிறது, ராமேஸ்வரம் தொண்டி சாயல்குடின்னு எங்கெங்க இருந்தோ சம்மன கையில வச்சுக்கிட்டு வராண்டாவுல முழிக்கிற சனத்துக்கு எந்த கோர்ட்டுன்னு வழி காட்டுறது, இதான் எம்பொழப்பு. கொஞ்ச நாளா உங்க ஆளுக சில பேரு இந்தப் பக்கம் வந்து, ஒரு பிபி, அதாவது கிரிமினல் கேஸ நடத்துற அரசு வக்கீல், கூடவே இருந்து நிஜ கேஸ ஆரம்பத்துல இருந்து தீர்ப்பு வரைக்கும் ரியாலிட்டி ஷோவா எடுக்கலாமான்னு விசாரிக்கிறாக. அதப் பத்திதான் இந்த மடல்.

நீங்க மனசுல வச்சிருக்குற மாடல் அமெரிக்காவோடதுன்னு தெரியுது. 2002ல என்பிசிங்கிற அமெரிக்க டிவி சேனல்ல 'க்ரைம் அண்ட் பனிஷ்மென்ட்'னு ஒரு தொடர் வந்துச்சு, டிக் உல்ஃப் தயாரிச்சது, சான் டியாகோ மாவட்ட அரசு வக்கீல் ஆபீஸுக்குள்ளயே கேமராவ கொண்டு போயி நிஜ கேஸ், நிஜ ஜூரி, நிஜ அழுகைன்னு 2004 வரைக்கும் காட்டுனாக. நல்லா எடுத்திருந்தாகன்னே வச்சுக்குவோம். ஆனா கேமரா யாரு மேசையில உக்காருதோ பாக்குறவனும் அந்த மேசையிலதான் உக்காருவான், எதிர்ல நிக்கிறவன் தீர்ப்புக்கு முன்னாடியே குற்றவாளி ஆயிருவான். இன்னொன்னு, அங்க மாவட்ட அரசு வக்கீல ஜனங்க ஓட்டு போட்டு தேர்ந்தெடுக்குறாக, அவருக்கு டிவியில நல்ல பேரு வந்தா பிரயோஜனம். இங்க செஷன்ஸ் கோர்ட் பிபிய அரசு நியமிக்குது, மாஜிஸ்ட்ரேட் கோர்ட்ல நிக்கிற ஏபிபி, அதாவது உதவி அரசு வக்கீல், டிஎன்பிஎஸ்சி பரீட்சை எழுதி வந்தவரு. யாருக்கும் ஓட்டு வேண்டியதில்ல. எல்லாத்துக்கும் மேல, கேஸ ஜெயிக்கிறது பிபியோட வேலையே இல்லங்க. எதிரிக்கு, அதான் குற்றம் சாட்டப்பட்டவருக்கு, சாதகமா ஒரு பேப்பர் இருந்தா அதையும் கோர்ட் முன்னாடி வைக்க வேண்டியவரு அவரு. நான் பாத்த நல்ல பிபி ஒருத்தரு, சாட்சி பொய் சொல்றான்னு தெரிஞ்சதும் மேல கேக்காம உக்காந்துட்டாரு. உங்க ஷோவுல அதுக்கு என்ன மியூசிக் போடுவீங்க? கேமரா கூடவே இருந்தா அவரால அப்படி உக்கார முடியுமா?

டெல்லியில சுட்டுக் கொல்லப்பட்ட மாடல் ஜெசிகா லாலோட கொலை வழக்க டிவியும் பேப்பரும்தானே காப்பாத்துச்சுன்னு கேப்பீங்க. உண்மைதான், மறுக்கல. 2006 பிப்ரவரில கீழ்கோர்ட் எல்லாரையும் விடுதலை பண்ணுச்சு, நாடே கொதிச்சுச்சு, அதே வருஷம் டிசம்பர்ல டெல்லி ஹைகோர்ட் தண்டனை கொடுத்துச்சு, 2010ல சுப்ரீம் கோர்ட் உறுதி பண்ணுச்சு. ஆனா அந்தக் கொதிப்பு எப்ப வந்துச்சுன்னு பாருங்க, கீழ்கோர்ட் தீர்ப்பு வந்த அப்புறம். அந்த 2010 தீர்ப்புலயே பிபி எதிரிக்கும் நியாயமா நடந்துக்கணும்னு சொல்லியிருக்கு, மீடியா நடத்துற விசாரணை கூடாதுன்னும் எச்சரிச்சிருக்கு.

இப்ப எங்க கடற்கரைக்கு வாங்க. பாம்பன் பக்கம் கடல்ல பாசி எடுக்குற ஒரு அக்கா, ஒரு கொலை கேஸ்ல கண்ணால பாத்த சாட்சி. எங்க ஆபீஸ் கேஸ் இல்ல, ஆனா அவுகள எனக்குத் தெரியும். விசாரணை ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே ஒரு சேனல்ல இருந்து வந்து அவுக வீட்டு வாசல்ல உக்கார வச்சு பேச வச்சிருக்காக. முகத்த மங்கலாக்கித்தான் போட்டாக, அதுல ஒன்னும் குறை சொல்ல முடியாது. ஆனா குரல மாத்தல. பின்னாடி அந்த ஓலைப் பந்தல், பந்தல் கால்ல தொங்குற, கடல்ல முங்குறப்ப போடுற அவுக கண்ணாடி, பாறை கிழிக்காம இருக்க விரல்ல துணி சுத்தியிருக்கு பாருங்க அந்தக் கை, எல்லாம் தெளிவா தெரியுது. சென்னையில பாக்குறவனுக்கு அது யாரோ ஒரு பொம்பளை. எங்க ஊருல சின்னப் புள்ள கூட பேரு சொல்லும். மறுநாளே எதிரி வீட்டு சொந்தக்காரவுக வந்து, மிரட்டலெல்லாம் இல்ல, சும்மா உக்காந்து மோரு குடிச்சிட்டுப் போனாகளாம். அதுக்கு என்ன அர்த்தம்னு அந்த அக்காவுக்குத் தெரியாதா. ஒரே கரையில இறங்கணும், ஒரே யாவாரிகிட்ட பாசி போடணும், நாளைக்கு புள்ளைக்கு சம்பந்தம் பேசணும்.

கோர்ட்ல பேரு கூப்புடுற ஊழியரு டவாலி மூணு தடவ பேரச் சொல்லிக் கூப்புட்டதும் கூண்டுல ஏறுனாக. கட்டைய ரெண்டு கையாலயும் பிடிச்சுக்கிட்டு, பிபி கேட்டதுக்கெல்லாம் தெரியாது, பாக்கல, போலீஸ்கிட்ட அப்படி சொல்லல. முன்னாடி சொன்னத மாத்திச் சொன்னதால பிறழ் சாட்சின்னு எழுதிக்கிட்டாக. டிவியால மட்டும்தான் இப்படி ஆச்சுன்னு நான் சொல்ல வரல, பிறழ் சாட்சி டிவி வர்றதுக்கு முன்னாடியும் இருந்துச்சு. ஆனா யாரு சாட்சின்னு ஊருக்கே பறை அடிச்சது நீங்க. 2018ல சுப்ரீம் கோர்ட் சாட்சி பாதுகாப்புத் திட்டத்துக்கு ஒப்புதல் கொடுத்து அதுதான் சட்டம்னு சொல்லிருச்சு, சாட்சியோட அடையாளத்த மறைக்கிறதும் அதுல ஒரு பாதுகாப்பு. உங்க ஒரு எபிசோட் அதையெல்லாம் ஒன்னுமில்லாம ஆக்கிருது.

எதிரி பக்கமும் இதே கதைதான். கடல் அட்டை, பீடி இலை, மஞ்சள்னு கடத்தல் கேஸ்ல புடிச்சா, மூட்டைய முன்னாடி அடுக்கி பின்னாடி பசங்கள நிக்க வச்சு ஒரு போட்டோ, அவன் மாஜிஸ்ட்ரேட் முன்னாடி நிக்கிறதுக்குள்ள அது எல்லா குரூப்லயும் ஓடிருது, சாயங்காலம் உங்க ப்ரோகிராம்ல 'ஒப்புக்கொண்டான்'னு பெருசா எழுத்து. போலீஸ்கிட்ட கொடுத்த வாக்குமூலம் கோர்ட்ல குற்றத்த நிரூபிக்க செல்லாது, சாட்சிய சட்டத்துலயும் அப்படித்தான் இருந்துச்சு, இப்ப இருக்குற பாரதிய சாக்ஷிய அதிநியமத்துலயும் 23வது பிரிவுல அப்படித்தான் இருக்கு. முகத்தக் காட்டிட்டா அப்புறம் ஜெயில்ல பல பேர வரிசையா நிக்க வச்சு சாட்சிய ஆளக் காட்டச் சொல்ற அடையாள அணிவகுப்பு நடத்தி என்ன புண்ணியம்? டிவியில பாத்துதான் அடையாளம் காட்டுனீங்கன்னு குறுக்கு விசாரணையில ஒரே கேள்வியில உடைச்சுப் போடுவாக. உண்மையான குற்றவாளியும் அந்த ஓட்டை வழியா வெளிய போயிருவான். வலைய இழுக்குறதுக்கு முன்னாடியே மீன் எடைய கூவுற மாதிரி இருக்கு இது.

கோர்ட்டையே காட்டக் கூடாதுன்னு நான் சொல்லல, தயவுசெஞ்சு அப்படி எடுத்துக்காதீங்க. எங்க சனத்துக்கு கோர்ட் தெரிஞ்சே ஆகணும். தங்கச்சிமடம் மீனவர் அஞ்சு பேர 2011ல போதைப்பொருள் கேஸ்னு இலங்கையில புடிச்சு, 2014 அக்டோபர் 30ந்தேதி கொழும்பு ஹைகோர்ட் தூக்குத் தண்டனை கொடுத்தப்ப ராமேஸ்வரம் தீவே கொதிச்சுச்சு. நவம்பர்ல மன்னிப்புல திரும்பி வந்தாக. அந்த மூணு வருஷமும் டிவியில தாய்மார் அழுகைய பாத்தேனே தவிர, அங்க என்ன சாட்சி வச்சாக, நம்ம பக்கம் என்ன வாதம் பண்ணுனாகன்னு எளிமையா விளக்குன ஒரு ப்ரோகிராம் நான் பாக்கல. அத எடுங்க. முடிஞ்ச கேஸ எடுங்க. கட்டு கட்டா கிடக்கு, சர்டிஃபைடு காப்பி வாங்கலாம், அப்பீலும் முடிஞ்ச கேஸா பாத்து சாட்சி சம்மதிச்சா பேச வைங்க. ஒரு மணி நேரத்துல தீர்ப்பு வந்த மாதிரி காட்டாதீங்க, வாய்தாவ காட்டுங்க, சாட்சி கூலிய விட்டுட்டு வந்து சாயங்காலம் வரைக்கும் உக்காந்து 'அடுத்த தேதிக்கு வாங்க'ன்னு கேட்டுட்டு கடைசி பஸ்ஸ பிடிக்க ஓடுறத காட்டுங்க. பிபி கூட மட்டும் போகாம இலவச சட்ட உதவி வக்கீல் கூடவும் போங்க. விடுதலை ஆனவன் திரும்பி ஊருக்குள்ள எப்படி நடக்குறான்னும் காட்டுங்க, அவன் பழைய வீடியோ இன்னும் ஓடிக்கிட்டுதான் இருக்கு.

சுப்ரீம் கோர்ட்டே 2022 செப்டம்பர் 27ல இருந்து அரசியல் சாசன அமர்வ லைவா காட்டுதேன்னு ஒரு தம்பி என்கிட்ட வாதம் பண்ணாரு. அங்க கூண்டுல ஏறுற சாட்சி இல்ல தம்பி. ஹைகோர்ட்டுகளுக்கு போட்ட லைவ் ஸ்ட்ரீமிங் முன்மாதிரி விதிகள்லயே சாட்சி விசாரணையும் குறுக்கு விசாரணையும் காட்டக் கூடாதுன்னுதான் இருக்கு.

கோர்ட் திறந்த நீதிமன்றம்தான், யாரு வேணாலும் வந்து உக்காரலாம். போக்சோ மாதிரி கேஸ்னா கதவ சாத்திருவாக, மத்ததுக்கு யாரும் தடுக்க மாட்டாக. கேமராவ கார்லயே வச்சுட்டு ஒரு நாள் காலையில பத்தரைக்கு வந்து சாயங்காலம் வரைக்கும் பாருங்க. அப்புறம் உங்க ஷோவ எப்படி எடுக்கணும்னு முடிவு பண்ணுங்க.

அதுக்கு முன்னாடி ஒரு வேலை இருக்கு. அந்த பாசி எடுக்குற அக்காவோட வீடியோ இன்னும் யூடியூப்ல இருக்கு, எடுத்தவுகளுக்கு இது அவுகளத்தான் சொல்றேன்னு தெரியும். இன்னும் சாட்சிக பாக்கி இருக்கு, கேஸ் முடியல. அத முதல்ல எடுத்துருங்க.