கைடை மூடி வை, பாப்பா

அன்புள்ள பாப்பாவுக்கு,

சித்தி எழுதுகிறேன். ஞாயிற்றுக்கிழமை போனில் நீ அழுததிலிருந்து எனக்கு வேலையே ஓடவில்லை. "மூணு வாரமா கிளாஸ்ல ஒரு வார்த்தகூட பேசல சித்தி. பி.காம்.ல எடம் இருக்காம், மாத்திக்கட்டுமா?" என்று கேட்டாய். ஏதோ ஆறுதல் சொல்லி வைத்துவிட்டேன். சொல்ல வேண்டியது அதுவல்ல. தமிழ் மீடியத்தில் படித்துவிட்டு இங்கிலீஷ் லிட்டரேச்சர் வகுப்பில் உன்னைப்போலவே வாயடைத்து உட்கார்ந்திருக்கும் பிள்ளைகள் இன்னும் பலர் இருப்பார்கள் என்பதால், எல்லோரும் படிக்கும்படியே எழுதுகிறேன்.

முன் பெஞ்சுப் பிள்ளைகள் சரளமாகப் பேசுகிறார்கள் என்றாய். பேசட்டும். நீயும் பேசிப் பேசித்தான் பழக வேண்டும், பழகிவிடுவாய். ஆனால் பழைய ஆங்கிலக் கவிஞர் சாஸரின் ஆங்கிலம் அறுநூறு வருஷத்துக்கு முந்தையது. அதன் முன்னால் முன் பெஞ்சும் பின் பெஞ்சும் ஒன்றுதான். அவர்களும் அருஞ்சொற்பொருள் பார்த்துத்தான் ஆக வேண்டும்.

எனக்குப் பயம் உன் ஆங்கிலத்தைப் பற்றி அல்ல. "கைடு வாங்கிட்டேன்" என்று சொன்னாயே, அதைப் பற்றித்தான். நானும் வாங்கினேன். எங்கள் வகுப்பில் பாடப் புத்தகத்தைத் திறந்ததே கிடையாது. நோட்ஸ் சொல்வார்கள், எழுதிக்கொள்வோம். கட்டுரைகளை அப்படியே மனப்பாடம் செய்து போனேன். கேள்வியைக் கொஞ்சம் திருப்பிக் கேட்டிருந்தார்கள். கவிதைத் தாளில் அரியர். அதற்காகப் படிக்க உட்கார்ந்தபோதுதான் ஆங்கிலக் கவிஞர் வேர்ட்ஸ்வொர்த் லூசி என்ற பெண்ணைப் பற்றி எழுதிய கவிதை ஒன்றை முதன்முதலாகப் படித்தேன். 1800இல் வெளியானது. பன்னிரண்டே வரி. ஆள் நடமாட்டமில்லாத இடத்தில் ஒரு பெண் வாழ்ந்தாள், சிலருக்கே அவளைத் தெரியும், பாசி படிந்த கல்லருகே பாதி மறைந்த வயலட் பூ மாதிரி. அவள் செத்துப்போனாள். கடைசி வரியில் கவிஞர் சொல்வது இவ்வளவுதான்: ஐயோ, எனக்கு அந்த 'டிஃபரன்ஸ்'!

அகராதியைப் பார்த்தேன். வித்தியாசம் என்று போட்டிருந்தது. கழித்தல் கணக்கில் வருகிற அதே வித்தியாசம். அந்தத் தை மாதம்தான் எங்கள் அப்பாயி இறந்திருந்தாள், உன் அம்மாவைக் கேட்டுப்பார். திண்ணையில் அவளுடைய வெற்றிலை உரல் மட்டும் கிடந்தது. காலையில் பால்காரர் வந்தார், ஏழு மணி பஸ் வந்தது, ஊரில் ஒன்றும் மாறவில்லை. எங்கள் வீட்டில் மட்டும் ஓர் ஆள் குறைவு. இங்கிலாந்துக்காரர் ஒருவர் அதைக் கழித்தல் கணக்குச் சொல்லில் சொல்லியிருந்தார். புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு அழுதேன். கைடில் அந்தக் கவிதைக்கு மூன்று பக்கம் இருந்தது, ரொமாண்டிக் இலக்கியக் காலத்தின் இயல்புகள் எல்லாம் வரிசையாக இருந்தன. அந்த ஒரு சொல்லைப் பற்றி ஒரு வரி இல்லை.

பூவைச் சொல்லிப் பெண்ணைச் சொல்வது உனக்குப் புதிதா? பள்ளிக்கூடத்தில் சங்கப் பாட்டில் கருப்பொருள் பார்த்தவள் நீ. சொல்லாமல் விட்டதைக் கேட்கும் காது உனக்கு ஏற்கெனவே இருக்கிறது. அதை வாசலில் கழற்றி வைத்துவிட்டு வகுப்புக்குப் போகாதே.

இன்னொன்று. சாஸரின் கேன்டர்பரி கதைகளின் முகவுரை ஏப்ரல் மாதத்தின் இனிய மழையில் தொடங்கும். மார்ச்சின் வறட்சி தீர்ந்து, வேருக்குத் தண்ணீர் இறங்கி, சனங்கள் யாத்திரை கிளம்புவார்கள். பிறகு ஒருநாள் எலியட் என்ற கவிஞரிடம் வருவாய். 1922இல் வந்த அவருடைய நெடுங்கவிதையின் முதல் வரி, ஏப்ரல்தான் மாதங்களிலேயே கொடுமையானது என்கிறது. முதலாம் உலகப்போர் முடிந்து நாலு வருஷம்தான் ஆகியிருந்தது. செத்த மண்ணிலிருந்து பூ முளைப்பதே அவருக்கு வலியாக இருக்கிறது. அதே ஏப்ரல், அதே மழை. சாஸரைப் படிக்காமல் மனப்பாடம் செய்தவளுக்கு அந்த வரி சும்மா ஒரு வரி. படித்தவளுக்கு உடம்பு சிலிர்க்கும். அந்த நாளுக்காகவாவது நீ அங்கே இருக்க வேண்டும்.

"வெள்ளைக்காரன் பாடம் நமக்கெதுக்கு" என்று பெரியப்பா சொன்னாராம். ஆக்ஸ்போர்டில் ஆங்கில இலக்கியத்துக்குத் தனிப் பட்டப்படிப்பு வந்தது 1890களில்தான், கேம்பிரிட்ஜில் 1917இல். அதற்கு வெகுகாலம் முன்பே இந்தியக் கல்லூரிகளில் ஷேக்ஸ்பியரும் மில்டனும் பாடமாக இருந்தார்கள். நம்மை ஆள வந்தவர்கள் அவர்கள் காரணத்துக்காக வைத்த பாடம் அது, மறுக்கவில்லை. நாம் நம் காரணத்துக்காகப் படிப்போம்.

வேலையைப் பற்றி அப்பா கேட்டால், பி.எட். இருக்கிறது, எம்.ஏ.யும் கல்லூரி ஆசிரியர் வேலைக்கான நெட் தேர்வும் இருக்கின்றன, அரசு வேலைக்கான குரூப் 2 தேர்வு எழுத ஏதாவது ஒரு டிகிரி போதும் என்று சொல். மீதியை நான் பேசிக்கொள்கிறேன்.

இன்று ராத்திரி ஏதாவது ஒரு கவிதையை எடு. கைடை மூடி வை. வாய்விட்டு இரண்டு தடவை படி, புரியாவிட்டாலும் நிறுத்தாதே. மூன்றாவது தடவை புரியாத சொல்லுக்கு மட்டும் ஓரத்தில் தமிழில் பொருள் எழுது. தமிழில் எழுதியதை யாராவது பார்த்துவிடுவார்களோ என்று மறைக்காதே.

என் பழைய லிஃப்கோ அகராதியை உன் அம்மாவிடம் கொடுத்தனுப்பியிருக்கிறேன். அட்டை போய்விட்டது, காக்கித்தாள் போட்டிருக்கிறேன். டி எழுத்தில் ஒரு சொல்லுக்கு அடியில் பென்சில் கோடு இருக்கும். அதை அழித்துவிடாதே.

அன்புடன்,
சித்தி