அல்சாஸிலிருந்து அம்மாவுக்கு

அல்சாஸ், பிரான்ஸ், 1726 ஜனவரி

அன்புள்ள அம்மாவுக்கு,

உடம்புக்கு ஒன்றுமில்லை. உன் கடிதம் கிடைத்தது. "வியன்னா சக்கரவர்த்திக்கு அடங்கி நடப்பதாகச் சத்தியம் செய்துகொடுத்தவர்கள் எல்லாம் வீடு திரும்பிவிட்டார்கள், நீ மட்டும் ஏன் வரவில்லை?" என்று கேட்டிருந்தாய்.

அதற்கு முன் ஒரு துக்கச் செய்தி. பெரியவர் போய்விட்டார். நவம்பர் 6, துருக்கியில் மார்மரா கடலோரம் ரொதோஸ்தோவில். உங்வார் கோட்டையில் வாழ்ந்த நம் பெர்செனி மிக்லோஷ் பிரபு, நம் ஹங்கேரியின் விடுதலைக்காக ராகோட்சி இளவரசருக்கு வலதுகையாக எட்டு வருஷம் சக்கரவர்த்தியை எதிர்த்துப் போரிட்டவர், இரவல் மண்ணில் கண்மூடினார். மனசு ஆறவில்லை அம்மா.

அவர் மகன், சின்னவர் லாஸ்லோதான் இங்கே எங்கள் கர்னல். 1711-இல் சத்மார் சமாதானப்படி நம்மவர்கள் ஆயுதத்தை ஒப்படைத்தபோது அவருக்கு 21 வயது. மறு வருஷம் பிரான்சுக்கு வந்து மஸ்கட்டியர் படையில் சேர்ந்தார். 1720-இல் நம் ஊர் பாணி இலகு குதிரைப்படையான ஹுஸார் படை திரட்ட, துருக்கி மண்ணில் சிதறிக் கிடந்த எங்களைத் தேடி வந்தார். அன்று நான் யார் குதிரைக்கோ புல் அறுத்துக்கொண்டிருந்தேன்.

இங்குள்ள குதிரைப்படைக்காரர்கள் பருத்த குதிரைகளில் காலை நீட்டி உட்கார்ந்து சுவர் மாதிரி வருவார்கள். நாங்களோ அங்கவடியைக் குட்டையாக இழுத்துக் கட்டி, எழுந்து நின்று வாள் வீசுவோம். முதலில் சிரித்தவர்கள் இப்போது என் சேணத்தைத் தொட்டுத் தொட்டுப் பார்க்கிறார்கள். அப்பா செய்த அதே மரச் சேணம்தான். ஆட்டுத்தோல் இரண்டு முறை மாற்றியாகிவிட்டது. முன்வளைவில் அவர் கத்தியால் கீறிய சிலுவை தேய்ந்துபோய், விரலால் தடவினால்தான் தெரிகிறது.

பக்கத்தில் விசெம்பூரில் நாடிழந்த போலந்து ராஜா ஸ்தனிஸ்லாவ் குடியிருந்தார். போன வருஷம் அவர் மகள் மரியா பிரான்சுக்கே ராணியாகிவிட்டார். அன்று எங்கள் ஆட்கள் பலர் அழுதார்கள். நாடிழந்தவனுக்கும் கதவு திறக்கும் என்று எங்களுக்குத் தோன்றியது.

நீ கேட்டதற்கு வருகிறேன். 1708 ஆகஸ்டில் திரென்சேன் களத்தில் இளவரசரின் குதிரை விழுந்தது, படை கலைந்தது. என் இடப்பக்கம் வந்தவன் நம் தெருப் பையன். அவன் திரும்பவில்லை. சத்தியம் செய்துவிட்டு நான் வந்து நின்றால், கிணற்றடியில் அவன் அம்மா என்னைப் பார்ப்பார். அந்தப் பார்வையைத் தாங்க என்னால் முடியாது.

இதைக் கொண்டுவருபவரிடம் கொஞ்சம் பணம் கொடுத்திருக்கிறேன். மாட்டை விற்காதே. பெரியவருக்கு ஒரு மெழுகுவர்த்தி ஏற்று. யாருக்கென்று யாரிடமும் சொல்லாதே.

உன் மகன்