உடற்பயிற்சிக் கூடம் நடத்தும் நெல்லை அண்ணாச்சிகளுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய அண்ணாச்சிகளே,

வண்ணார்பேட்டையிலும் பாளையங்கோட்டையிலும் நீங்கள் நடத்தும் கூடங்களால் எத்தனையோ இளைஞர்கள் உடம்பைப் பேணக் கற்றிருக்கிறார்கள். அந்த நன்றியோடுதான் எழுதுகிறேன்.

நான் ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை செய்பவன். ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோன் அளவைப் பார்க்க வேண்டும் என்று பயிற்சி முடிந்த வியர்வையோடு மாலையில் பையன்கள் வருகிறார்கள். இளவயதில் அந்த ஹார்மோன் காலையில் ஏறி மாலையில் இறங்கும். அந்த மாலைக் கணக்கைப் பார்த்துத்தான் கல்யாணம் நிச்சயமான பையன் முகம் வெளிறிப்போகிறான். பிறகு அவனுக்கு மூலிகை மருந்து டப்பாவோ டெஸ்டோஸ்டிரோன் ஊசியோ கிடைத்துவிடுகிறது.

டப்பாவுக்கு ஆதாரமாகச் சில கூடங்களில் கண்ணாடிக்குப் பக்கத்தில் ஒரு தாளை ஒட்டியிருக்கிறீர்கள்: அமுக்கரா (அசுவகந்தா) பற்றி 2015இல் வந்த ஆய்வு. 57 ஆண்கள், 8 வாரம். டெஸ்டோஸ்டிரோன் கூடியது உண்மை. ஆனால் அதில் தசையையும் வலுவையும் அளந்தார்கள்; உடலுறவு ஆசையை அளக்கவே இல்லை. மருந்து எடுத்தவர்கள், வெற்று மாத்திரை எடுத்தவர்கள் என்று இரண்டாகப் பிரித்தால் ஒரு பக்கம் முப்பது பேர்கூட இல்லை. நாலைந்து பேருக்கு அளவு எகிறினாலே சராசரி சாய்ந்துவிடும். பலன் தெரியாத சிற்றாய்வுகள் பல அச்சேறுவதே இல்லை. இன்னொரு மூலிகையான நெருஞ்சிலை 21 இளைஞர்களிடம் சோதித்து, ஹார்மோன் கூடவில்லை என்று 2005இல் ஓர் ஆய்வு வந்தது. அதுவும் சிறியதுதான், இரண்டையும் ஒரே தராசில் நிறுக்க வேண்டும்.

2016இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வில் 790 பேர். எல்லோரும் 65 வயதோ அதற்கு மேலோ ஆன ஆண்கள், ஹார்மோன் குறைந்தவர்கள். ஓராண்டு டெஸ்டோஸ்டிரோன் ஜெல் பூசியதில் ஆசை கூடியது, மிதமாக. அளவு சரியாக உள்ள இருபத்தைந்து வயதுப் பையனுக்கு அது எப்படிப் பொருந்தும்?

ஊசிதான் என்னை மிகவும் கலங்கவைக்கிறது. வெளியிலிருந்து டெஸ்டோஸ்டிரோன் போனால், விரைகளை வேலைவாங்கும் சுரப்புகளை மூளை அடக்கிவிடுகிறது. விந்தணு குறையும், சிலருக்கு அற்றே போகும். குழந்தைக்காகக் காத்திருந்த ஒருவரின் மாதிரியை நுண்ணோக்கியில் வைத்து, மூலைக்கு மூலை தேடியும் ஓர் அணுவைக்கூடக் காணவில்லை. ஊசி போட்டதை அவர் வீட்டில் சொல்லியிருக்கவில்லை. நிறுத்தினால் பலருக்கு மீளும். அதற்கு மாதக்கணக்கில் ஆகலாம்.

அந்தத் தாளை எடுத்துவிடுங்கள். ஊசியைக் கூடத்துக்குள் விடாதீர்கள். ஆசை குறைந்தது என்று பையன் சொன்னால் தூக்கம், சர்க்கரை, மனச்சோர்வு, சாப்பிடும் மாத்திரை ஆகியவற்றை மருத்துவர் விசாரிக்கட்டும். ஹார்மோன் பரிசோதனை எழுதிக்கொடுத்தால், காலை பத்து மணிக்குள் வெறும் வயிற்றோடு அனுப்புங்கள். குறைவாக வந்தால் இன்னொரு நாள் காலையிலும் எடுத்துப் பார்க்க வேண்டும்.

அன்புடன்,
உங்கள் ஊர்த் தம்பி ஒருவன்