செயலாளர் ஆண்டறிக்கை: ராட்சதக் கொறித்துண்ணிகளோடு ஓராண்டு

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழு நண்பர்களே, உறுப்பினர்களே, வணக்கம்.

சென்ற பொதுக்குழுவில் முடிவானபடி, நமது அறிவியல் வாசகர் வட்டம் இவ்வாண்டு அமெரிக்கக் கண்டங்களில் வாழ்ந்து அழிந்த ராட்சதக் கொறித்துண்ணிகளைப் பற்றிப் படித்தது. "எலிக்கு ஒரு வருஷமா?" என்று அன்று கேட்டவர்கள்தான் பிறகு முன்வரிசையில் உட்கார்ந்தார்கள்.

அதிக நேரத்தை எடுத்துக்கொண்டது, தென் அமெரிக்காவின் உருகுவே நாட்டில் வாழ்ந்த ஜோசஃபோஆர்டிகேசியா மோனேசி என்ற கொறித்துண்ணி. 53 செ.மீ. நீளமுள்ள அதன் மண்டையோட்டை ஆராய்ந்து ரிண்டர்க்நெக்ட், பிளாங்கோ என்ற ஆய்வாளர்கள் இருவரும் 2008இல் கட்டுரை வெளியிட்டார்கள். எடை சுமார் 1,000 கிலோ என்றார்கள். "கிடைத்தது தலை மட்டும்தானே, எடை எப்படிப் போட்டார்கள்?" என்று மூத்த உறுப்பினர் ஒருவர் கேட்க, கூட்டம் இரவு வரை நீண்டது. இன்று வாழும் கொறித்துண்ணிகளின் மண்டையோட்டு அளவுக்கும் உடல் எடைக்கும் உள்ள தொடர்பை வரைபடத்தில் ஒரு கோடாக வரைந்து, அந்தக் கோட்டை அப்படியே மேலே நீட்டுகிறார்கள். இன்றுள்ளவற்றில் பெரியதான கேப்பிபராவே ஐம்பது, அறுபது கிலோதான். அங்கிருந்து ஆயிரம் வரை கோடு நீட்டினால் பிசகாமல் இருக்குமா? அதே ஆண்டு மில்லியன் என்ற ஆய்வாளர் மறுகணக்குப் போட்டு, எடை அதைவிடக் குறைவு என்றார். 2022இல் எங்கல்மேன் என்ற ஆய்வாளர், மண்டையோடு கழுத்தெலும்போடு சேரும் மூட்டின் அகலத்தை வைத்து 480 கிலோ என்றார். எனக்கு இந்தக் கணக்கில்தான் நம்பிக்கை.

வெனிசுவேலாவில் வாழ்ந்த ஃபோபெரோமிஸ் என்ற ராட்சதக் கொறித்துண்ணியின் கதையும் இதேதான். 2003இல் 700 கிலோ. எங்கல்மேன் கணக்கில் 200ஐத் தாண்டவில்லை.

வட அமெரிக்காவின் ராட்சத பீவர் சுமார் 100 கிலோ எடையுள்ளது. 10,000 ஆண்டுகளுக்கு முன் அழிந்தது. இன்றைய பீவர்போல மரம் வெட்டி அணை கட்டியிருக்கும் என்று பலரும் ஆசையோடு வந்திருந்தார்கள். எலும்பிலுள்ள ஐசோடோப்புகளை (ஒரே தனிமத்தின் எடை மாறுபட்ட அணுவகைகளை) ஆராய்ந்த 2019 ஆய்வோ, அது நீர்த்தாவரம் தின்றதாகவே காட்டுகிறது. ஏமாற்றத்தை டீயும் வடையும் ஓரளவு ஈடுகட்டின.

கரீபியக் கடலிலுள்ள அங்குவிலா தீவில் வாழ்ந்த ஆம்பிளிரைசா என்ற ராட்சதக் கொறித்துண்ணி பற்றிய கூட்டத்துக்கு மழையால் வருகை குறைவு. வராதவர்கள் நல்ல கதையைத் தவறவிட்டார்கள்: உரத்துக்காகக் குகையில் தோண்டி ஃபிலடெல்ஃபியாவுக்குக் கப்பலேற்றிய மண்ணில் கிடைத்த எலும்புகளைக் கண்டுதான், 1868இல் அமெரிக்கப் புதைபடிவ ஆய்வாளர் கோப் அதற்குப் பெயரிட்டார்.

இனி நமது சுவரொட்டிகளில் எந்த எடையைப் போட்டாலும், யார், எந்த ஆண்டு சொன்ன கணக்கு என்பதையும் சேர்த்துப் போட வேண்டும் எனத் தீர்மானம் நிறைவேறியது. புரொஜெக்டர் பழுதுபார்ப்புச் செலவு உட்பட வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார்.

நன்றி.
செயலாளர்