போலந்துக்கு மாணவிகளை அனுப்பும் சாருக்கு ஒரு கடிதம்

அன்புள்ள சார்,

வணக்கம். போலந்தின் போஸ்னான் நகரத்திலிருந்து எழுதுகிறேன். உங்கள் அலுவலகம் மூலமாக இங்கே வந்து, படிப்பை முடித்து, வேலையிலும் சேர்ந்துவிட்டேன். விசா நேர்காணலுக்கு முந்தின ராத்திரி பதினோரு மணிக்குக்கூட நீங்கள் போனை எடுத்து எனக்குத் தைரியம் சொன்னதை வீட்டில் இன்னும் பேசுவார்கள். நீங்கள் காது கொடுத்துக் கேட்பீர்கள் என்ற நம்பிக்கையில்தான் எழுதுகிறேன்.

மாணவர்கள் கிளம்பும் முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை கூட்டம் நடத்துவீர்கள். பெட்டி எத்தனை கிலோ, எந்த சிம் கார்டு, மைனஸ் பத்து டிகிரிக்கு என்ன ஜாக்கெட் என்று எல்லாம் சொன்னீர்கள். புளியோதரைப் பொடியை எந்தப் பெட்டியில் வைப்பது என்பதுகூட எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது. போலந்தில் கருக்கலைப்புக்கு அநேகமாக வழியே இல்லை என்பதை மட்டும் யாரும் சொல்லவில்லை. அந்த ஹாலில் பாதிப் பேர் பெண்கள்.

நம் ஊரிலிருந்து வரும் பெண்ணுக்கு இது தோன்றாது சார். இந்தியாவில் 1971லிருந்தே சட்டம் அனுமதிக்கிறது. 2021 திருத்தத்துக்குப் பிறகு 20 வாரம் வரை ஒரு மருத்துவர் சம்மதித்தால் போதும். கல்யாணம் ஆகாதவர்களுக்கும் அதே உரிமை உண்டு என்று 2022 செப்டம்பரில் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. ஐரோப்பா என்றால் இதைவிடச் சுலபமாகத்தானே இருக்கும் என்று நினைத்துத்தான் விமானம் ஏறுகிறோம்.

இங்கே 1993லிருந்தே மூன்று காரணங்களுக்குத்தான் அனுமதி. அதிலும் ஒன்றை, கருவுக்குக் கடுமையான குறைபாடு என்பதை, 2020 அக்டோபரில் அரசியலமைப்புத் தீர்ப்பாயம் எடுத்துவிட்டது. மிச்சம் இருப்பது தாயின் உயிருக்கோ உடல்நலத்துக்கோ ஆபத்து, அல்லது பலாத்காரம் போன்ற குற்றத்தால் வந்த கர்ப்பம். 2021 செப்டம்பரில் ப்ஷ்சினா என்ற ஊரில் இசபெலா என்ற 30 வயதுப் பெண், 22வது வாரத்தில் பனிக்குடம் உடைந்து மருத்துவமனையில் சேர்ந்தார். கருவின் இதயத் துடிப்பு நிற்கட்டும் என்று மருத்துவர்கள் காத்திருப்பதாக அம்மாவுக்கு மெசேஜ் அனுப்பியிருக்கிறார். கடைசியில் செப்சிஸில், அதாவது தொற்று உடல் முழுக்கப் பரவி, இறந்துபோனார். அந்தப் பெண் இந்த நாட்டுக்காரர், பாஷை தெரிந்தவர், குடும்பம் பக்கத்திலேயே இருந்தது.

போஸ்னானில் ரயில் ஏறினால் ஏறக்குறைய மூன்று மணி நேரத்தில் பெர்லின். போலந்துப் பெண்கள் பலர் அப்படித்தான் போய் வருகிறார்கள். நம் பிள்ளைகளுக்கு அந்த மூன்று மணி நேர வழி எப்படி அடைபடுகிறது என்பதைச் சொல்கிறேன். இதை உங்களைவிட நன்றாகத் தெரிந்தவர்கள் இருக்க முடியாது, விசா விஷயம்தான் இது.

போன குளிர்காலத்தில் ஒரு ஜூனியர் பெண் என் வீட்டுக்கு வந்தாள். அவள் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன். கோட்டைக்கூடக் கழற்றாமல் சமையலறை மேஜையில் பாஸ்போர்ட்டை விரித்து, டி.ஆர்.சி.க்கு (தற்காலிகக் குடியிருப்பு அட்டைக்கு) விண்ணப்பித்ததற்கான ஸ்டாம்ப் இருந்த பக்கத்தில் விரலை வைத்து, "அக்கா, இதை வெச்சுக்கிட்டு பெர்லின் போகலாமா?" என்று கேட்டாள். நாள் தள்ளிப்போனது, டெஸ்ட் எடுத்தது எல்லாம் அப்புறம்தான் சொன்னாள்.

போக முடியாது சார். மாணவ விசா செல்லுபடியாகும் வரை மற்ற ஷெங்கன் நாடுகளுக்கு, அதாவது ஒரே விசாவில் போய்வரக்கூடிய ஐரோப்பிய நாடுகளுக்கு, 180 நாளில் 90 நாள் போய்வரலாம். டி.ஆர்.சி. அட்டை கைக்கு வந்த பிறகும் அப்படியே. நடுவில், விசா முடிந்து அட்டை வராத காலத்தில், அந்த ஸ்டாம்ப் போலந்துக்குள் இருக்க மட்டுமே அனுமதி. அட்டை வரப் பல மாதம், சிலருக்கு ஒரு வருஷத்துக்கு மேலும் ஆகிறது. 2023 அக்டோபரிலிருந்து ஜெர்மன் போலீஸ் போலந்து எல்லையில் பஸ்ஸிலும் ரயிலிலும் ஏறிப் பாஸ்போர்ட் பார்க்கிறார்கள். மாட்டினால் படிப்பே போய்விடும் என்று நடுங்கினாள். கடைசியில் அம்மாவிடம் சொல்லிவிட்டுக் கோயம்புத்தூர் போனாள். அங்கே ஒரே பகலில் முடிந்தது. ஸ்டாம்ப்பை வைத்துத் திரும்பி வர முடியாது என்பதால் புதிதாக விசா, அதற்கு அப்பாயின்ட்மென்ட், காத்திருப்பு. ஒரு செமஸ்டரும் கட்டிய ஃபீஸும் போயின. விசா முடியும் தறுவாயில் டி.ஆர்.சி.க்கு விண்ணப்பித்தால் போதும் என்று உங்கள் அலுவலகத்தில்தான் சொன்னார்களாம்.

ஆகவே முதல் வேண்டுகோள்: விசாவில் நிறைய மாதங்கள் மிச்சம் இருக்கும்போதே டி.ஆர்.சி.க்கு விண்ணப்பிக்கச் சொல்லுங்கள். காரணத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

மற்றதையும் பெண்களிடம் மறைக்காமல் சொல்லலாம். தன் கர்ப்பத்தைத் தானே மாத்திரை சாப்பிட்டுக் கலைத்துக்கொண்ட பெண்ணுக்குப் போலந்துச் சட்டத்தில் தண்டனை கிடையாது. உதவி செய்தவருக்குத்தான் மூன்று வருஷம் வரை சிறை. மாத்திரை வாங்கிக் கொடுக்கும் நண்பனும் ரூம்மேட்டும் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். 'அபோர்ஷன் வித்தவுட் பார்டர்ஸ்' என்ற கூட்டமைப்பு 2019 டிசம்பரிலிருந்து போலந்தில் இருப்பவர்களுக்கு வழிகாட்டுகிறது. ஜெர்மனியில் கருத்தரித்து 12 வாரத்துக்குள், கட்டாய ஆலோசனைக்குப் பிறகு மூன்று நாள் கழித்துத்தான் செய்வார்கள், அதனால் தங்கும் செலவும் சேரும். நெதர்லாந்தில் சட்டப்படி 24 வாரம் வரை, கட்டாயக் காத்திருப்பு 2023லிருந்து இல்லை. செக் நாட்டின் பிராக் பக்கம்தானே என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். தற்காலிகமாக மட்டும் வந்திருக்கும் வெளிநாட்டவருக்குச் செக் சட்டம் அனுமதிப்பதில்லை, ஐரோப்பிய ஒன்றியத்துப் பெண்களுக்குத்தான் அதில் விலக்கு.

வகுப்புக்கு ஒரு வாரம் போகாவிட்டால் விசா போய்விடும் என்ற பயம் எல்லாப் பிள்ளைகளுக்கும் இருக்கிறது. என்னென்ன காரணத்துக்கு அரசுக்குத் தெரிவிப்பார்கள் என்று பல்கலைக்கழகத்திடமே முன்கூட்டிக் கேட்டு வைக்கச் சொல்லுங்கள். இந்த ஒரு வரியைச் சொன்னாலே எத்தனையோ பேர் நிம்மதியாகத் தூங்குவார்கள்.

பெற்றோர் முன்னாடி இதையெல்லாம் எப்படிப் பேசுவது என்று நீங்கள் தயங்குவது புரிகிறது. "எங்க பொண்ணு அப்படி இல்லை" என்று யாராவது எழுந்து சத்தம் போடலாம். கல்யாணம் ஆகிப் புருஷனோடு வந்து படிக்கும் பெண்களும் இருக்கிறார்கள், பலாத்காரத்துக்கு ஆளானவர்களும் இருக்கிறார்கள், காதலித்தவர்களும் இருக்கிறார்கள். விசா விதி எல்லோரையும் ஒரே எல்லையில்தான் நிறுத்துகிறது. ஆலோசனைக் கட்டணம் வாங்கிக்கொண்டு அனுப்புகிற நீங்கள் யாருடைய ஒழுக்கத்துக்கும் நீதிபதி இல்லை, அவர்கள் பாதுகாப்புக்குப் பொறுப்பு.

வரும் ஜூலையில் லீவில் சென்னை வருகிறேன். உங்கள் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் ஏதாவது அந்த மாதத்தில் இருந்தால் எனக்கு அரை மணி நேரம் கொடுங்கள். பெண்கள் மட்டும் தனியாக உட்கார ஒரு அறை போதும். அம்மாக்களும் வந்தால் நல்லது. கேள்வி கேட்டு யாராவது கோபப்பட்டால், அவர்களிடம் நானே பேசிக்கொள்கிறேன்.

தேதியை மட்டும் வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள் சார்.

அன்புடன்,
உங்கள் பழைய மாணவி